பயந்து குரைக்கும் நாயைப் பழக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

செம்பியை எடுத்து வந்தபோது அவளுக்கு எட்டு மாதம் இருக்கும். தெருவில் பிறந்த நாட்டு நாய். வீட்டுக்குள் பரம சாது. வாசலைத் தாண்டினால் போதும், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, இன்னொரு நாய் என்று எதைப் பார்த்தாலும் பாய்ந்து பாய்ந்து குரைப்பாள். "திமிர் ஏறிப்போச்சு, நாலு போட்டா அடங்கும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். வீட்டுக்கு வந்து பழக்கிய ட்ரெயினரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றை மாட்டி, குரைக்கும்போதெல்லாம் வெடுக்கென்று இழுக்கச் சொன்னார். நானும் இழுத்தேன். மூன்று வாரத்தில் குரைப்பு குறைந்தது. நான்காவது வாரம், பால் பாக்கெட் போட வந்த பையனின் காலைச் சத்தமே இல்லாமல் கவ்விவிட்டாள். பேன்ட் கிழிந்ததோடு போயிற்று, தோலில் பல் படவில்லை.

அன்றைக்குத்தான் புரிந்தது, நான் அடக்கியது பயத்தை இல்லை, பயத்தைச் சொல்லும் வாயை. உறுமலும் குரைப்பும் "கிட்டே வராதே" என்று நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கிடைத்தால் நாய் எச்சரிப்பதை நிறுத்திவிடும். பயம் உள்ளே அப்படியே இருக்கும். அடுத்தது நேராகக் கடிதான். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை நம்பி ஒரு பயந்த நாயின் பக்கத்தில் போகாதீர்கள். குரைத்தும் பலன் இல்லை என்று கண்ட நாய் கடிக்கும்.

இந்தத் தவறுக்கு வேராக ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: நாய் நம்மை அடக்கி ஆளப் பார்க்கிறது, நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்பது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியதிலிருந்து பரவிய கருத்து அது. ஆனால் காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-ல் விளக்கிவிட்டார்; 'தலைவன் ஓநாய்' என்ற பேச்சைத் தன் பழைய புத்தகத்தின் வழியே பரப்பியவரும் அவரேதான். விலங்கு நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், பிரச்சினைக்குரிய நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைக்கிறது. நம் ஊரில் இன்னும் பிரம்பும் முள் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ட்ரெயினரைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?" பதிலில் வலி இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? தூரம். இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த நிலையில் இருக்கும் நாயின் மூளைக்குள் பாடம் எதுவும் ஏறாது. ஐம்பது அடியில் இன்னொரு நாயைப் பார்த்தும் உங்கள் நாய் காதைத் தூக்கிப் பார்ப்பதோடு நிற்கிறது, இருபது அடியில் வெடிக்கிறது என்றால், உங்கள் வகுப்பறை ஐம்பதடியில்தான் இருக்கிறது. அங்கே நின்று, அது அந்த நாயைப் பார்த்த நொடியில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. மறுபடி பார்த்தால் மறுபடி ஒரு துண்டு. நாள் போகப் போக, அந்த உருவம் தெரிந்தாலே கோழி வரும் என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போது இரண்டடி நெருங்கலாம்.

இங்கேயும் தவறுகள் நடக்கின்றன. முதலாவது, வரிசை. பயப்படும் பொருள் முதலில், தீனி பிறகு. எதிரில் நாய் வருவதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு அவசரமாகத் தீனியை நீட்டினால், தீனிப் பையைத் தொடும் சத்தமே "ஏதோ வரப்போகிறது" என்ற அறிகுறியாகிவிடும். இரண்டாவது, தெருவில் வைத்து வீட்டில் போடும் அதே உலர்தீனியைக் கொடுப்பது. வேறு எப்போதும் கிடைக்காத கோழியோ, ஈரலோ, பன்னீரோ வேண்டும். சுண்டுவிரல் நக அளவுத் துண்டு போதும். நாய் தீனியைத் தொடவே மாட்டேன் என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள், விலகுங்கள்.

"எங்கள் தெருவில் ஐம்பதடிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தெருக்கள் ஒடுக்கம், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடத்துக்குச் சொந்தம் கொண்டாடும் நாலு தெருநாய்கள். நிறுத்தி வைத்த காருக்குப் பின்னால் போய் மறைந்து நிற்கலாம், பக்கத்துச் சந்துக்குள் திரும்பலாம், வந்த வழியே பேசாமல் திரும்பி நடக்கலாம். காலை ஐந்து மணிக்கோ இரவு பத்துக்கு மேலோ கூட்டிப் போகலாம். லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்கலாம். ஒரு நாள் வெளியே போகாவிட்டால் தவறே இல்லை. பட்டாசு, தெருநாய், கூரியர்காரர் என்று ஒரே நாளில் மூன்று அதிர்ச்சி வாங்கிய நாய்க்கு மறுநாள் ஓய்வுதான் வேண்டும். பழைய துண்டில் தீனியைச் சுருட்டி வைத்து மோந்து தேட விடுங்கள். மோப்பம் பிடிப்பது நாயை அமைதிப்படுத்தும்.

அப்புறம், உங்கள் கை. தூரத்தில் இன்னொரு நாயைக் கண்டதும் நாமே மூச்சைப் பிடித்து லீஷை, அதாவது நாயைப் பிடித்திருக்கும் வாரைச் சுருக்குகிறோம். ஓட வழியில்லாத நாய்க்கு மிச்சம் இருப்பது சண்டைதான். தவிர, லீஷ் இறுகினால் ஆபத்து என்று அது கற்றுக்கொள்கிறது. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய ஹார்னஸ், எட்டு பத்தடி லீஷ், தளர்ந்த கை. இதை நாய் இல்லாமல் வீட்டுக் கூடத்தில் பழகிப் பார்த்த பிறகுதான் எனக்கே வந்தது. நாயைத் தனியாக எங்கோ அனுப்பிப் பழக்கி வாங்கிவருவது பயந்த நாய்க்குப் பெரும்பாலும் பலிக்காததற்குக் காரணமும் இதுதான். வீட்டுக்குத் திரும்பியதும் அதே பழைய கைதானே லீஷைப் பிடிக்கிறது.

இன்னொன்று, பயத்தைத் திணித்துப் போக்குவது. நாய்க்குக் கூட்டம் பயம் என்றால் சந்தைக்குள் இழுத்துப் போவது, விருந்தாளி பயம் என்றால் "ஒண்ணும் பண்ணாது, தடவுங்க" என்பது. சில நாய்கள் அப்போது அசையாமல் நிற்கும். பழகிவிட்டது என்று மகிழ்வோம். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே விடும் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப் பார்வை, ஒடுங்கிய வால், தூக்கிய முன்னங்கால் என்று அதன் உடம்பைப் பாருங்கள். உறைந்து நிற்கிறது என்பது தெரியும். வாலாட்டுவது எல்லாமே மகிழ்ச்சியும் இல்லை. விறைத்து நிமிர்ந்த வால் படபடவென்று ஆடினால் ஒதுங்குங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, பயத்தில் நடுங்கும் நாயைத் தேற்றக்கூடாது என்பது. தேற்றினால் பயம் வளரும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். பயம் ஓர் உணர்வு, நாம் அணைப்பதால் அது வளராது. தீபாவளியன்று நாய் உங்களிடம் ஒண்டினால் இடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தாலும் வெடி அதற்குள் அடங்குவதில்லை. எனவே ஜன்னலை மூடி, மின்விசிறியும் டிவியும் ஓடவிட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு மூலை தயார் செய்யுங்கள். வெளியே கூட்டிப் போகும் வேலையை விடியும் முன்பே முடித்துவிடுங்கள். மருந்து வேண்டுமென்றால் பண்டிகைக்குப் பல வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். அசிப்ரோமசின் போன்ற மந்தப்படுத்தும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளர்ந்து கிடக்கும், பயமோ குறையாமல் உள்ளே இருக்கும். இதை மருத்துவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

திடீரென்று ஒரு நாள் முதல் சீறத் தொடங்கிய நாய் என்றால் பழக்குவதற்கு முன் பரிசோதனை. காதுப் புண், பல்வலி, இடுப்பு மூட்டு வலி எல்லாம் கோபமாக வெளிவரும்.

குட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் உலகம் பயமில்லாத இடம் என்று குட்டி எளிதில் கற்கும் காலம். தடுப்பூசி முடியும் வரை மொட்டைமாடியிலேயே அடைத்து வைத்தால் அந்தக் காலம் திரும்ப வராது. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோ, குடை, குக்கர் விசில், தாடி வைத்த தாத்தா எல்லாவற்றையும் காட்டுங்கள்.

பயந்த நாய்க்குக் கூடை போன்ற வாய்மூடியைப் பழக்கிவைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உள்ளே தயிரைத் தடவி, தானாக மூக்கை நுழைக்கும்வரை நாள்கணக்கில் காத்திருங்கள். செம்பி இப்போது அதை மாட்டிக்கொண்டுதான் மருத்துவரிடம் போகிறாள். பால்காரப் பையன் வரும் நேரத்தில் அவள் உள்ளறையில் கோழித்துண்டோடு இருப்பாள், கதவு மூடியிருக்கும். ஹெல்மெட்டைப் பன்னிரண்டடியில் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. குடைக்கு இன்னும் முப்பதடி வேண்டும்.