ஊர் சுற்றி வந்த மறுநாளே சம்பந்தி வந்தால்

ஹம்பியோ கோவாவோ, காரில் எங்கே சுற்றிவிட்டு வந்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. திறந்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு. விடிந்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சம்பந்தி வீட்டார் மதுரையில் வந்து இறங்குகிறார்கள் என்னும்போது, அந்த ஒரு பொழுதுதான் நம் கையில் இருக்கிற சொத்து.

வேலையைச் சாலையிலேயே தொடங்கிவிடலாம். பெங்களூரிலிருந்து வருகிற வழியில் கரூர் தாண்டியதும் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு போன் போட்டு, காலைக்குப் பால் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். ஆவினில் பச்சை பாக்கெட் வேண்டும் என்று நிறத்தையும் சொல்லிவிடுங்கள். அதில் 4.5 சதவீதம் கொழுப்பு. நீலத்தில் 3 சதவீதம்தான். நீலத்தில் போட்ட காபி நமக்குப் போதும், சம்பந்திக்குப் போதாது. திண்டுக்கல் பக்கம் சிறுமலைப் பழம் கண்ணில் பட்டால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்ததும் கை சுவிட்சுக்குப் போகக் கூடாது. சமையலறையில் கேஸ் வாடை வருகிறதா என்று முதலில் பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் குனிந்து மோந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் லைட், ஃபேன் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்யுங்கள்.

வாடை இல்லையா? அடுத்த வேலை அரிசி ஊறப்போடுவது. குளியல்கூட அதற்கப்புறம்தான். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியைத் தனியாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாகவும் போடுங்கள். மதியம் ஒரு மணிக்கு ஊறினால் ஐந்து மணிக்கு ஆட்டலாம். ராத்திரி முழுக்கப் பொங்கி, விடியும்போது மாவு தயார். ஊறுவதும் புளிப்பதும் நம்மைக் கேட்காமல் நடக்கிற வேலை. அதனால்தான் அதை முதலில் கிளப்பிவிட வேண்டும். வந்து சேரவே ராத்திரி ஆகிவிட்டால் இட்லியை மறந்துவிட்டு வெண்பொங்கலுக்குப் போங்கள். ஒரு பங்கு பச்சரிசி, அரைப் பங்கு பாசிப்பருப்பு, மேலே நெய். ரவை உப்புமா மட்டும் வேண்டாம். சம்பந்திக்கு முதல் வேளையே உப்புமா என்றால் பேரன் கல்யாணம் வரைக்கும் அது பேசப்படும்.

அரிசி ஊறுகிற நேரம் தண்ணீருக்கானது. மாடித் தொட்டியில் நாள்கணக்காக நின்ற தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். குழாய்களைத் திறந்து செடிக்கு விட்டுவிட்டு, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். ஆர்ஓ மெஷினில் முதலில் வருவதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம். பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, இந்த மூன்றையும் யாரும் பார்ப்பதில்லை. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

பாத்ரூமில் சாக்கடை வாடை அடித்தால் பினாயிலைக் கொட்டிப் பிரயோஜனமில்லை. தரை ஜல்லடைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வாடையையும் கரப்பானையும் தடுப்பது அதுதான். ஆள் இல்லாத வீட்டில் அது வற்றிப்போகிறது. ஒவ்வொரு ஜல்லடையிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு உபாயம் உண்டு. ஆனால் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் ஐஸுக்கு அடியில் கிடந்தால் நடுவில் வெகுநேரம் கரண்ட் இல்லை என்று அர்த்தம். ஃப்ரிட்ஜில் இருந்ததை யோசிக்காமல் கொட்டுங்கள்.

மெத்தை, தலையணையை வெயில் இறங்குவதற்குள் மாடியில் ஒரு மணி நேரம் போட்டு எடுங்கள். சாமி படத்தில் காய்ந்த பூவை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் வழக்கமான பெருக்கல், துடைத்தல். அதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

காரிலிருந்து அன்றே இறங்க வேண்டியவை சாப்பாட்டுக் கூடை, குப்பைப் பை, ஈரத் துண்டு. தின்பண்டம் கிடந்தால் எலி காருக்குள் புகுந்து ஒயரையும் சேர்த்துக் கடிக்கும். மற்ற மூட்டை முடிச்செல்லாம் ஒரே அறைக்குள் போய்விடட்டும். கதவைச் சாத்தி, "அந்த ரூமில் ஃபேன் ஓடாது" என்று வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாத அறையை எந்தச் சம்பந்தியும் எட்டிப் பார்க்க மாட்டார்.