முதலில் பித்தளையைத் தேடுங்கள், ரைஃபிளை அப்புறம் வாங்கலாம்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, நியூசிலாந்துக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, மான் வேட்டைக்கு அங்க எல்லாரும் .308 தோட்டா போடுற ரைஃபிள்தான் வெச்சிருக்காங்களாம், நான் வேற ஏதாவது வாங்கலாமா?" தென்தீவில் ஆறு வருடம் இருந்து வேட்டைக்குப் போனவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இது அங்கே உரிமம் எடுத்து, அங்கேயே வைத்துச் சுடுபவர்களுக்கு மட்டும். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை. லீவுக்கு வரும்போது ஞாபகமாக இருக்கட்டும் என்று சுட்ட தோட்டாவின் ஒரு வெற்றுக்கூட்டைக்கூடப் பையில் போடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அபூர்வமான தோட்டா என்றால் கடையில் நினைத்த நேரத்தில் கிடைக்காது, பெரும்பாலும் காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டிவரும். குண்டு, மருந்து, அந்த மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் மூன்றும் பல தோட்டாக்களுக்குப் பொதுவானவை. அந்தந்தத் தோட்டாவுக்கென்றே இருப்பது பித்தளைக் கூடு ஒன்றுதான், அது இல்லையென்றால் எவ்வளவு அழகான ரைஃபிளும் அலமாரியில்தான் நிற்கும். அதனால் ரைஃபிளுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அந்த அளவில் யார் கூடு செய்கிறார்கள், இப்போது கையிருப்பு இருக்கிறதா என்று இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 6.5×55 ஸ்வீடிஷ். 1890களில் பிறந்த தோட்டா, உதை குறைவு, பின்லாந்தின் லாபுவாவும் ஸ்வீடனின் நோர்மாவும் அதற்கு அருமையான கூடு செய்கின்றன. இதன் அடிப்பாகம் .308 குடும்பத்தை விடக் கொஞ்சம் பருமன், அதனால் வேறு கூட்டிலிருந்து இதைச் செய்யப் பார்க்க வேண்டாம், இதற்கென்றே செய்ததை வாங்குங்கள்.

கூடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுபவர்களுக்கு 7 மி.மீ.-08 நல்லது. அது .308 கூட்டின் கழுத்தை, அதாவது குண்டு உட்காரும் மேல்பக்கத்தை, சுருக்கிச் செய்ததுதான், தாய்க்கூடு எங்கும் கிடைக்கும். அதே மாதிரி .35 வீலன், பரவலாகக் கிடைக்கும் இன்னொரு தோட்டாவான .30-06-இன் கழுத்தை விரித்தது. ஆனால் .280 ரெமிங்டனில் கவனம் வேண்டும். பார்க்க .30-06 மாதிரியே இருக்கும், ஆனால் தோள் (கழுத்துக்குக் கீழே கூடு அகலமாகும் சரிவு) ஏறத்தாழ 0.05 அங்குலம் முன்னால் தள்ளி இருக்கிறது. .30-06 கூட்டை அப்படியே சுருக்கிப் போட்டால் ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறைக்குள் இடைவெளி விழும், சுடும்போது கூடு நீண்டு அடிப்பக்கம் பிளந்துகொள்ளலாம். இதற்கு .280 என்று முத்திரை உள்ள கூட்டை மட்டும் வாங்குங்கள்.

இனி தரம். நம் அம்மாமார் குத்துவிளக்கு வாங்கப் போனால் தூக்கிப் பார்த்து எடை தெரிந்த பிறகுதான் விலை கேட்பார்கள் இல்லையா, இதற்கும் தராசுதான். ஒரு பெட்டியிலிருந்து இருபது கூடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள், எடை நெருக்கமாக இருந்தால் உள்ளே பித்தளையின் தடிமனும் ஓரளவு சீராக இருக்கும் என்று நம்பலாம். கழுத்துப் பக்கம் நீலமும் ஊதாவுமாக ஒரு நிறம் ஓடினால் கறை என்று நினைத்துத் தேய்க்காதீர்கள், அது கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கிய அடையாளம். சில கம்பெனிகள் பளபளப்பாக்கி அதை எடுத்துவிடுவார்கள், அதுவும் குறை இல்லை.

பழைய கூட்டில்தான் நான் அடிபட்டேன். "ஒரு தடவைதான் சுட்டது" என்று ஒருவர் பை நிறையக் கொடுத்தார், நானும் மலிவு என்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேல் நோக்கி மெதுவாக இழுத்தேன். அடியிலிருந்து சற்று மேலே கம்பி டக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. சுவர் உள்ளே மெலிந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். வெளிப்பக்கமும் அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தது. பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. இடுக்கியால் நசுக்கி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்துதான் போட்டேன். பிரைமர் குழி தளர்ந்து, புது பிரைமர் கட்டை விரலால் அழுத்தினாலே போய் உட்கார்ந்தால் அந்தக் கூட்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது குறைந்தது நூறு கூடுகளை ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள், இரண்டு தொகுதியைக் கலக்க வேண்டாம். அட்டைப் பெட்டியை எறியாமல், எத்தனை தடவை சுட்டீர்கள் என்று அதன் மேலேயே பேனாவால் கோடு போட்டு வாருங்கள்.