வேலிக்கு வரும் வடக்குப் பறவைகள்: தோட்டப்புறத்தில் பார்க்கத் தொடங்குவது எப்படி?

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஆண்டு முழுதும் ஒரே வெயிலும் மழையும்தான். ஆனால் சைபீரியாவிலும் வட சீனாவிலும் குளிர் ஏறிப் பூச்சிகள் அடங்கும்போது, அவற்றைத் தின்று வாழும் பறவைகள் தெற்கே கிளம்பி, நம் செம்பனைத் தோட்டங்களுக்கும் கொல்லைப்புறங்களுக்கும் வந்து சேர்கின்றன. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவற்றைக் காணலாம்.

1. முதலில் உள்ளூர்ப் பறவைகள்

ஆகஸ்ட்டிலேயே தொடங்குங்கள். மைனா, சின்னான், குண்டுகரிச்சான், தையல்சிட்டு ஆகியவை எப்போதும் இங்கே இருப்பவை. காலை ஏழரை மணிக்குக் கொல்லையில் உட்கார்ந்து, இவற்றின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். புதிய குரல் கேட்டால் காது தானே திரும்பும்.

2. கீச்சானைத் தேடுங்கள்

என் கணிப்பில், வடக்கிலிருந்து வருபவற்றில் புதியவர்களுக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது. பழுப்பு முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. வேலிக் கம்பத்திலோ பட்ட கிளையிலோ வெளிப்படையாக உட்கார்ந்து, புல்லில் வெட்டுக்கிளி அசைந்தால் பாய்ந்து பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். வந்த புதிதில் இடம் பிடிப்பதற்காகக் கரகரவென்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்போம். வடக்கே குளிர்காலம் முடியும்வரை அந்த இடத்தைக் காவல் காக்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பும் கீச்சான்கள் உண்டு. ஆகவே வேலியோரத்துப் பட்ட கிளையை வெட்டிவிடாதீர்கள்.

3. மாலையில் மின்கம்பி

கடைத்தெருக் கம்பிகளில் இருட்டும் நேரத்தில் வரிசையாக அடையும் தகைவிலான்களைப் பாருங்கள். பெந்தோங் நகரம் இதற்குப் பேர்போனது. நம் ஊரிலேயே வாழும் ஒரு தகைவிலான் இனமும் உண்டு. அதன் வயிறு அழுக்குச் சாம்பல் நிறம். வடக்கிலிருந்து வருவதற்கு வெள்ளை வயிறு, சிவந்த தொண்டைக்குக் கீழே கருநிறப் பட்டை. வாலின் நீளத்தை நம்பாதீர்கள். இங்கே தங்கும் காலத்தில் அவை இறகு உதிர்ப்பதால், பலவற்றுக்கு நீண்ட வால் இருக்காது.

4. தீனி வேண்டாம், மருந்தும் வேண்டாம்

அரிசி வைத்தால் புறாவும் சிட்டும்தான் வரும். கீச்சானுக்கும் தகைவிலானுக்கும் பூச்சிதான் உணவு. தயவுசெய்து கொல்லையில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். ஒரு மூலையில் புல்லை வளர விடுங்கள்.

5. எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், பறவை. நோட்டுப்புத்தகம் போதும், பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வசதியானது.

6. மார்ச்சில் தஞ்சோங் துவான்

போர்ட்டிக்சன் அருகே, மலாக்கா நீரிணை ஏறக்குறைய 38 கிலோமீட்டராகக் குறுகும் இடம் இது. சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் இங்கேதான் கரையேறுகின்றன. நிலம் சூடாகி எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கிப் பறப்பவை அவை. கடலின் மேல் அப்படிப்பட்ட காற்று கிடைப்பது அரிது என்பதால் குறுகிய வழியைத் தேர்கின்றன. விடியற்காலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறிய பின், முற்பகல் பதினொரு மணியிலிருந்து கலங்கரை விளக்கத்தின் பக்கம் நில்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.