எம்.ஜி.பி.யா, ஸ்பிட்ஃபயரா? மட்டக்களப்புக் கரையில் வாங்குவோருக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால் பொனட்டைத் திறக்குமுன் தரையில் படுத்து அடியைப் பாருங்கள். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். இந்த உப்புக் காற்றில் எஞ்சினைத் திருத்திவிடலாம். கறல் தின்ற தகடுதான் காசைக் கரைக்கும்.

எம்.ஜி.பி.யும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரும் 1962இல் வந்து 1980 வரை ஓடிய இங்கிலாந்துத் தயாரிப்புகள். எம்.ஜி.பி.க்குத் தனிச் செசி இல்லை. உடல்தான் பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. வெளித்தகடு பளபளத்தாலும் நடுத்தகடு உதிர்ந்திருக்கலாம். கூரை மடக்கும் திறந்த வகைக் கார் என்றால் ஜாக் வைக்கும் இடத்தில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினாலோ இடைவெளி குறுகினாலோ விட்டுவிடுங்கள். சில் தகடு முன் மட்கார்டுக்கு உள்ளேயும் தொடர வேண்டும். அந்த விளிம்போடு நின்றால் பழைய கறலுக்கு மேலேயே புதுத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டினால் பட்டி பூசிய இடம் தெரிந்துவிடும்.

ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்ட் காரின் வழிவந்த தனிச் செசி உண்டு. முன்பகுதி முழுவதும் ஒரே பொனட்டாக முன்னோக்கித் திறக்கும், வேலை செய்ய வெகு வசதி. ஆனால் இதிலும் சில் பாரம் தாங்குகிறது. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் உடல் வளைந்து கதவு பிறகு பொருந்தாது.

ஸ்பிட்ஃபயரின் ஆபத்தான இடம் எஞ்சினுக்குள் இருக்கிறது. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி எஞ்சின் முன்பக்கத்தில் பெல்ற் ஓடும் கிராங்க் புலிச் சக்கரத்தைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் அப்படி நகராமல் தடுக்கும் வளையமான திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றியே மாற்றலாம். வாஷர் கழன்று விழுந்தால் கிராங்கும் புளொக்கும் நாசம். முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரனியனுக்குக் கிறீஸ் அடிக்காதீர்கள், 90 கியர் ஒயில்தான் போகவேண்டும். வறண்டால் அது உடைந்து சக்கரம் மடங்கிவிடும். மாறாக, எம்.ஜி.பி.யில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குக் கிறீஸ்தான்: பக்கத்துக்கு மூன்று நிப்பிள், சக்கரத்தைத் தூக்கிவைத்து அடிக்கவேண்டும்.

மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு 18 வளைவில் ஏறி இறங்கப் போகிறவர்கள் 1970க்கு முந்திய ஸ்பிட்ஃபயரைத் தவிர்ப்பது நல்லது. வளைவின் நடுவில் அக்ஸிலரேற்றரைத் திடீரென விட்டால் பின்சக்கரம் உள்நோக்கி மடியும். அதன் பிறகு வந்த மார்க் 4 ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைப் பெரும்பாலும் தணித்தார்கள்.

எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சின் உறுதியானது. 1964 கடைசியில் ஐந்து பேரிங்கில் தாங்கிய கிராங்க் வந்தது, அதுவே நல்லது. 1967 வரையானவற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும், ரேடியோ பூட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். 1974 கடைசியிலிருந்து றப்பர் பம்பர் வந்து காரும் உயர்ந்தது, சேகரிப்போர் தேடுவது அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்.

சில் நல்ல நிலையில் இருந்தால் குரோம் பம்பர் எம்.ஜி.பி.யை எடுங்கள். இரண்டுமே கறல் பிடித்தவை என்றால் ஸ்பிட்ஃபயர். உடலைச் செசியிலிருந்து பிரித்துத் தூக்கி வெல்டிங் செய்யலாம். எதுவானாலும் செசி, எஞ்சின் இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் சில் பெட்டிக்குள் மெழுகு பாய்ச்சி, கதவின் அடித்துளைகளைத் திறந்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மாரியில் பொலித்தீன் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துக் கறல் கூடும். பருத்தித் துணி போதும்.