ஆன்லைன் மியூசியத்துல தொலைஞ்சு போகாம ஒரே ஒரு படத்த துரத்துறது எப்படி

மியூசியம் சைட்டுக்குள்ள போனதும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான், முதல் பக்கத்துலேந்து ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போறது, பத்து நிமிஷத்துல எரநூறு படம் கண்ணு முன்னாடி ஓடிரும், படுக்கப் போகும்போது ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் சுத்துனேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் (சுருக்கமா மெட்) 2017ல மூணே முக்கால் லட்சம் படத்த இலவசமா தொறந்து விட்டாங்க, ஸ்மித்சோனியன் 2020ல 28 லட்சம். யாரு பாத்து முடிக்கிறது? முடிக்கவே வேணாம். ஒரு படத்த எடுத்துக்குங்க, அதோட இன்னொரு பிரதி எங்க இருக்குன்னு தேடுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துலதான் கதையே இருக்கு.

மொதல்ல ஒரு விஷயம், படம் எந்த மியூசியத்துல இருக்கோ அவங்க சைட்டுக்கே நேரா போயிருங்க. இமேஜ் சர்ச்ல கண்ணுல பட்டத சேவ் பண்ணிக்காதீங்க. வெர்மீர் வரைஞ்ச பால் ஊத்துற பொண்ணு படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு, ஆனா நெட்ல அதோட மட்டமான காப்பி ஆயிரக்கணக்குல சுத்துச்சு, பாதிக்கு மேல மஞ்சளா மங்கிப்போனது, கடைசில மியூசியத்துல வித்த நிஜமான நிறத்து போஸ்ட்கார்ட பாத்து ஜனங்க இதுதான் போலின்னு நினைக்கிற அளவுக்கு போயிருச்சு. அந்தக் கடுப்புலதான் அவங்களே நல்ல ஸ்கேன எல்லாருக்கும் போட்டு விட்டாங்க.

சரி, துரத்துறதுக்கு வருவோம். அதே ரைக்ஸ்மியூசியத்துல ரெம்ப்ராண்ட் 1642ல முடிச்ச 'நைட் வாட்ச்' இருக்கு. 2022 ஜனவரில இத 717 ஜிகாபிக்சல்ல (ஒரு ஜிகாபிக்சல்னா நூறு கோடி புள்ளி) போட்டாங்க, 8,439 போட்டோ எடுத்து ஒட்டுனது. திறந்ததும் ஒடனே முழுசா ஜூம் பண்ணாதீங்க, மொத ரெண்டு நிமிஷம் படம் முழுசா திரைல இருக்கட்டும், வெளிச்சம் எங்கேந்து வருது, யாரு யார பாக்குறாங்கன்னு கவனிங்க. அப்புறமா கொடி புடிச்சிருக்குறவருக்குப் பின்னாடி போங்க, அங்க தொப்பி போட்ட ஒரு ஆளோட ஒத்தக் கண்ணும் கொஞ்சம் மூக்கும் மட்டும் எட்டிப் பாக்கும், அது ரெம்ப்ராண்ட் தன்னையே வரைஞ்சதுன்னு நெறைய பேர் சொல்றாங்க. மியூசியத்துக்கு நேர்ல போயிருந்தாக்கூட கூட்டத்துக்கு நடுவுல இவ்ளோ கிட்ட நின்னு பாக்க விடமாட்டாங்க.

இப்ப இதோட பிரதி. ஹெரிட் லுண்டென்ஸ்னு ஒருத்தர் அதே நூற்றாண்டுல இந்தப் படத்த சின்னதா காப்பி வரைஞ்சு வெச்சிருக்காரு, லண்டன் நேஷனல் கேலரிக்கு சொந்தமானது. ரெண்டையும் ரெண்டு விண்டோல தொறந்து இடது ஓரத்த பாருங்க. காப்பில ஆள் இருக்காங்க, ஒரிஜினல்ல இல்ல! ஏன்னா 1715ல ஒரிஜினல ஆம்ஸ்டர்டாம் டவுன் ஹாலுக்கு தூக்கிட்டுப் போனப்ப செவுத்துல இடம் பத்தலன்னு நாலு பக்கமும் வெட்டிட்டாங்க, இடது பக்கம்தான் அடி அதிகம். அந்தக் காப்பி மட்டும் இல்லன்னா என்ன போச்சுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

போட்டோவுலயும் இதே வேலைதான். அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல பிரிண்ட்ஸ் அண்ட் போட்டோகிராஃப்ஸ்னு தனிப் பகுதி இருக்கு, அதுல டோரோத்தியா லாங் 1936ல கலிஃபோர்னியால எடுத்த 'மைக்ரன்ட் மதர்' தேடுங்க. எல்லாரும் பாத்த படம்தான், கன்னத்துல கைய வெச்ச அம்மா, ரெண்டு பக்கமும் முகத்த திருப்பிக்கிட்ட குழந்தைங்க. ஆனா படத்த பாத்ததோட நின்னுராம கீழ இருக்குற நோட்ஸ் பகுதிய படிச்சீங்கன்னா, வலது கீழ் மூலைல கூடாரக் கம்ப புடிச்சிருந்த ஒரு கட்டைவிரல நெகட்டிவ்லயே அழிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கும், அழிக்கிறதுக்கு முன்னாடி போட்ட பிரிண்டும் அங்கேயே இருக்கு. அந்த ஓரத்துல பெருசா மங்கலா விரல் தெரியும். அதே நாள் எடுத்த மத்த ஃப்ரேமையும் பாருங்க, கூடாரம் எவ்ளோ சின்னது, லாங் எப்படி கிட்ட கிட்ட போயிருக்காங்கன்னு வெளங்கும். என்னைக் கேட்டா நோட்ஸ் படிக்காம படம் மட்டும் பாக்குறது பாதி வேலைதான்.

மியூசியம் சைட்ல படத்துக்குக் கூடவே வர்ற விவரப் பகுதில இன்னும் சில விஷயம். ஓவியர் பேருக்கு முன்னாடி என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க. 'அட்ரிப்யூட்டட் டு'ன்னு இருந்தா இவரா இருக்கலாம்னு நிபுணருங்க நினைக்கிறாங்க, 'வொர்க்‌ஷாப் ஆஃப்'னா அவரு பட்டறைல யாரோ செஞ்சது, 'ஆஃப்டர்'னா அவரோட படத்த பாத்து வேற ஒருத்தர் போட்டது. இந்த 'ஆஃப்டர்'தான் நமக்கு தங்கம், பிரதி தேடுறவங்க அந்த வார்த்தைய சேத்தே சர்ச் பண்ணலாம். அப்புறம் 'ப்ராவனன்ஸ்'னு ஒரு லிஸ்ட் இருக்கும், படம் யார் கைலேந்து யார் கைக்குப் போச்சுங்குற கதை, அதுல நடுவுல சில வருஷம் காணாம இருந்தா சும்மா தாண்டிப் போகாதீங்க.

தேடும்போது இன்னைக்கு இருக்குற பேர மட்டும் போட்டா பாதிதான் வரும். பழைய கேட்டலாக் எழுதுனவங்க அன்னைக்கு இருந்த பேரத்தான் எழுதியிருப்பாங்க, டோக்கியோவுக்கு எடோ, இஸ்தான்புல்லுக்கு கான்ஸ்டான்டினோப்பிள், பெய்ஜிங்குக்கு பீக்கிங். படத்தோட பேரையும் அதோட சொந்த மொழில போட்டுப் பாருங்க, அந்தப் பேரு தெரியலன்னா விக்கிபீடியா பக்கத்துல மொழிய மாத்துனா கெடைச்சிரும், காப்பி பண்ணி யூரோப்பியானா மாதிரி பல நாட்டு கலெக்‌ஷனையும் சேத்துத் தேடுற எடத்துல ஒட்டுனா இங்கிலீஷ்ல வராததெல்லாம் வரும். ஒரு நல்ல படம் கெடைச்சதும் அதோட பக்கத்துல இருக்குற டேக் மேலயே கிளிக் பண்ணி போறது இன்னும் சுலபம், கேட்டலாக் எழுதுனவரோட வார்த்தை நம்ம கைக்கு வந்துரும்.

டவுன்லோடு பத்தி சுருக்கமா. சிசி ஜீரோன்னோ (உரிமைய விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம்) பப்ளிக் டொமைன்னோ (காப்புரிமை இல்லாதது) இருந்தா எடுத்து என்ன வேணா பண்ணலாம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், கிளீவ்லேண்ட், மெட் எல்லாத்துலயும் இதுக்குன்னே ஃபில்டர் இருக்கு. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல ஜூம் அருமையா இருக்கும், ஆனா அங்க பாத்துட்டு டவுன்லோடுக்கு மியூசியம் சைட்டுக்கே போங்க. டிஃப்ங்குற பெரிய சைஸ் ஃபைல் எடுத்தா கம்ப்யூட்டர் தெணறும், சாதாரணமா பாக்க ஜேபெக்கே போதும்.

ஃபைல் பேர ஒடனே மாத்திருங்க, ப்ளீஸ். நான் முந்நூறு படம் எறக்கி எல்லாம் வெறும் நம்பர் பேர்ல கெடந்து, எது யாரோடதுன்னே தெரியாம மொத்தமா அழிச்சேன். ஓவியர் பேரு, வருஷம், மியூசியம், அக்சஷன் நம்பர் (மியூசியம் ஒவ்வொரு பொருளுக்கும் குடுக்குற தனி நம்பர்), இந்த நாலும் போதும். சைட்டையே மாத்தி லிங்க் செத்துப்போனாலும் அந்த நம்பர வெச்சு திரும்பப் புடிச்சிரலாம்.

எதுலேந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட 'பெரிய அலை' படத்த எடுத்துக்குங்க, 1831 வாக்குல வந்த மரக்கட்டை அச்சு. ஒரே கட்டைல நெறைய பிரதி போட்டதால மெட், சிகாகோ, பிரிட்டிஷ் மியூசியம் மூணுலயும் இருக்கு. மூணு டேப் தொறந்து மூணுலயும் மேல இடது பக்கம் பேரு எழுதியிருக்குற கட்டத்தோட கோட்டுக்கு ஜூம் பண்ணுங்க. கட்டை தேயத் தேய அந்தக் கோடு அங்கங்க அந்து போயிருக்கும், எது முன்னாடி அச்சடிச்சது எது பின்னாடின்னு நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்க, அப்படியே ஃபூஜி மலைக்குப் பின்னாடி வானத்துல மேகம் தெரியுதா இல்ல வெளுத்துப் போயிருச்சான்னும் ஒரு பார்வை பாத்துருங்க.