மணல் பூமியில் மோட்டோகிராஸ் ட்ராக்: ராமநாதபுரம் கரையோரத்தில் சொந்த நிலத்தில் போடும் முறை

வீடியோக்களில் வரும் மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் பாதையில் பைக் ஓட்டும் பந்தயம்) ட்ராக்குகள் பெரும்பாலும் களிமண் நிலத்தில் போட்டவை. வாலிநோக்கம், சாயல்குடி, உச்சிப்புளிப் பக்கம் அதே அளவில் ஜம்ப் (வண்டி ஏறித் தாவும் மண் மேடு) கட்டினால், முதல் நாளே முகப்பு சரிந்து குழி விழும். நம்மிடம் இருப்பது மணலும் உப்புத் தண்ணீரும். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மிச்ச வேலை ஜேசிபி பார்த்துக்கொள்ளும்.

காகித வேலை

பட்டாவோடு எஃப்.எம்.பி. எனும் புல அளவீட்டு வரைபடத்தையும் எடுத்து, ஓடைப் புறம்போக்கு உள்ளே வருகிறதா என்று பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். மணல் மேடுகளைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து மண் அடிக்கக் கனிமவளத் துறை அனுமதியும் நடைச்சீட்டும் வேண்டும். பனையை வெட்டாதீர்கள். அதற்கு ஆட்சியர் அனுமதி தேவை. அதைவிட ட்ராக்கை வளைத்துக்கொண்டு போவது சுலபம்.

இடமும் திசையும்

500 மீட்டர் சுற்று, 5 மீட்டர் அகலம் என்றால் 3 ஏக்கர் போதும். அடுத்தடுத்த பாதைகளுக்கு நடுவே குறைந்தது 6 மீட்டர் விடுங்கள். ஆடி மாதக் கச்சான் (தென்மேற்கு) காற்று பக்கவாட்டில் அடித்தால், அந்தரத்தில் இருக்கும் வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போகும். அதனால் ஜம்ப் வரும் நேர்ப்பாதையைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். வளைவுகள் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் ஒரே மழையில் தூர் துளிர்த்துவிடும். பிடுங்கிய பிறகும் மண்ணுக்குள் முள் கிடக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையை ஓட்டி, மேலே வருவதை வாரி எடுத்து, மறுபடியும் குறுக்கே ஓட்டுங்கள். ட்யூபுக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு.

தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். மழை ஈரம் அடிமண்ணில் இருக்கும், நிலத்தடி நீரும் இறங்கத் தொடங்கியிருக்கும். ஜம்ப்புக்கு மண் வேண்டும் என்று ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டாதீர்கள். ஐப்பசியில் அது குளமாகிவிடும்.

மண் சோதனை: தவறவிடக் கூடாத இடம்

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர். குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் நிற்கும். களி படிய ஒரு நாள் ஆகும். ஜம்ப்பின் மேல்தோலுக்கு (மேலே போடும் ஒரு அடிக் கலவை மண்) நான்கில் ஒரு பங்கு களி இருந்தால் நல்லது. மழைத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் களி சீக்கிரம் படிந்து ஆளை ஏமாற்றும்.

அடுத்து, பட்டாணி அளவு காய்ந்த கட்டி ஒன்றை மழைத் தண்ணீரில் போட்டு, தொடாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் படர்ந்தால் அது சோடியம் ஏறிய மண். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் ஏடு கட்டிப் பொடியும். அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

டேபிள்டாப்

ஆரம்பத்தில் டபுள் ஜம்ப் (நடுவே பள்ளம் விட்ட இரண்டு மேடு) கேட்காதீர்கள். டேபிள்டாப் என்பது ஏறும் சரிவுக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவே தட்டையான மேல்திட்டு உள்ள ஒரே மேடு. அதில் தாவும் தூரம் குறைந்தாலும் மேல்திட்டில்தான் இறங்குவீர்கள். சாதாரண ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி வண்டிக்கு முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. தான் அசையும், மோட்டோகிராஸ் வண்டிக்குச் சுமார் 300. ஆகவே 4 அடி உயரம் தாராளம்.

ஏறும் பக்கம் 10 அடி, மேல்திட்டு 15 அடி, இறங்கும் பக்கம் 14 அடி, அகலம் 18 அடி. பக்கச் சரிவு ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி. இறுகிய கணக்கில் சுமார் 26 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி), உதிரியாக 33 யூனிட் மண் பிடிக்கும். எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டாம். உள்கூடு நம் மணலே போதும், மேல் ஒரு அடி மட்டும் கலவை மண்.

ஜேசிபி ஓட்டுநர்களுக்குக் கண்மாய்க் கரை போட்டுப் பழகிய கை. சும்மா விட்டால் உச்சி கூர்மையாக ஒரு கரை எழுப்பித் தருவார்கள். அதில் ஏறினால் பின்சக்கரம் எகிறி, ஆள் ஹேண்டிலுக்கு மேலே போவார். ஏறும் பக்கத்தில் இரண்டரை அடிக்கு ஒரு மூங்கில் நட்டு உயரம் குறித்துக் கொடுங்கள்: 8 அங்குலம், 20, 34, 48. அடியில் மெல்ல வளைந்து, கடைசி 5 அடி நேராக இருக்கும். உச்சியில் வளைவு கூடாது.

உள்கூட்டை 6 அங்குல அடுக்காக, நனைத்து நனைத்து டிராக்டர் சக்கரத்தால் மிதிக்க வேண்டும். பக்கெட்டால் தட்டுவது கண்ணுக்கு அழகு, உள்ளே காற்றுதான். மேல்தோலுக்கு முன் உள்கூட்டின் முகப்பில் படிப்படியாக வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான மணல் மேல் போட்ட தோல் ஒரே பாளமாக வழுக்கி இறங்கும்.

மேல்தோல் கலவைக்குக் கண்மாய்க் களி ஒரு பங்கு, நம் மணல் இரண்டு பங்கு. தரையில் பரப்பி, காய்ந்த நிலையிலேயே ரோட்டவேட்டரை இரண்டு முறை ஓட்டி, பிறகு தண்ணீர். ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்றாக உடைந்தால் பதம். தூளானால் தண்ணீர் போதாது, சப்பையாக அப்பினால் அதிகம். வெறும் களியை அப்பினால் சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவு வெடிக்கும்.

வளைவுக் கரைக்கு இத்தனை பாடு வேண்டாம். மணலை மூன்றடி உயரத்துக்கு ஒதுக்கி நனைத்துவிட்டால், வண்டிகளே செதுக்கிக்கொள்ளும்.

தண்ணீர்

சதுர மீட்டருக்கு 2 லிட்டர். 500 மீட்டர் சுற்றுக்கு ஒரு 5,000 லிட்டர் லாரி. காலையில் அடிப்பதைவிட முதல் நாள் மாலை, மேல்மண்ணைக் கலப்பையால் கீறிவிட்டு அடித்தால் உள்ளே இறங்கும். போர் தண்ணீர் கரித்தால் நேர்ப்பாதைகளுக்கு மட்டும். ஜம்ப் முகப்புக்கு ஊருணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோதான். உப்புத் தண்ணீரில் ஓட்டிய அன்றே வண்டியைக் கழுவாவிட்டால் செயினும் ஸ்போக்கும் துரு ஏறும்.

பிற்சேர்க்கை

தென்னை நார்க்கழிவு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேர்ப்பாதையிலும் வளைவிலும் போடலாம், ஈரம் நிற்கும். ஜம்ப்பில் வேண்டாம், பஞ்சு மாதிரி அமுங்கும். சோடிய மண்ணை ஏற்கெனவே இறக்கிவிட்டவர்கள் ஜிப்சம் கலந்து, நல்ல தண்ணீர் விட்டு ஒரு மழைக்காலம் அப்படியே போடுங்கள். பிறகு அதே கட்டிச் சோதனை.

இறங்கும் பக்கத்துக்குப் பின்னால் 30 அடி வெற்றிடம் விடுங்கள். மரமும் கம்பி வேலியும் உள்ள இடங்களில் வைக்கோல் கட்டு அடுக்கலாம். 108 வண்டி மணலில் சிக்காமல் ட்ராக் வரை வர 10 அடி அகலத்தில் கிராவல் பாதை ஒன்று போட்டுவையுங்கள். தனியாக யாரும் ஓட்டக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன் ஜம்ப் முகப்புகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்துவிடுங்கள். மழை விட்டு நிலம் காயும் வரை ஓட்ட வேண்டாம்.