பாதியில் நிற்கும் பவர் ஆன்டெனா: உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு

கார் ரேடியோவைப் போட்டதும் மோட்டார் 'கிர்ர்' என்று ஓடியும், தானாக எழும்ப வேண்டிய ஆன்டெனா கம்பி எழும்பவில்லையா? உள்ளே கம்பியை ஏற்றி இறக்கும், பல் வைத்த நைலான் கேபிள் அறுந்திருக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் ஓடும் பழைய கார்களில் இது சகஜம். உப்பும் மணலும் ஏறிய கம்பி இறுகிவிடும். மோட்டார் விடாமல் இழுக்க, பல் வழித்துப் போகும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து எர்த் போல்ட்டில் (எர்த் வயரை கார் பாடியோடு இணைக்கும் போல்ட்) பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டார் நன்றாக இருந்தால் கேபிளோடு சேர்ந்த கம்பியை மட்டும் மாற்றினால் போதும். முழு செட் வாங்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். பழைய கம்பியின் நீளத்தை அளந்து, அதே மாடலுக்கானதை வாங்குங்கள்.

மேல் நட்டைக் கழற்றி, ரேடியோவைப் போட்டால் கம்பி கேபிளோடு வெளியே வரும். நுனி அறுந்து தெரிந்தால் மிச்சத் துண்டு உள்ளேதான். மோட்டாரை இறக்கி, மூடியைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும்.

புதுக் கேபிளைப் பழையதன் பல் பார்த்த பக்கமே பார்த்து, கியர் தட்டும்வரை இறக்குங்கள். ஒருவர் ரேடியோவை அணைக்க, மோட்டார் கேபிளைத் தானாக உள்ளே இழுக்கும். மடங்காமல் நேராகப் பிடித்திருங்கள். பிறகு நட்டைப் பூட்டுங்கள்.

கிரீஸ் மட்டும் தடவாதீர்கள்; தனுஷ்கோடி மணல் அதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கம்பியை ஏற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு இறக்குங்கள். அடியில் உள்ள வடிகுழாய் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் மோட்டாருக்குள் தேங்கும்.